கொட்வினிடம் சொல்லாத கடிதம்

கொட்வின் அண்ணை இந்த மாசியில் காலமாகிவிட்டார். இனி எழுதலாம் என்று கதிர்காமநாதன் அண்ணை சொன்னதால்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் தமிழருக்குக் கதிர்காமநாதனைப் பிடிவாதக்காரராகத்தான் தெரியும். ஆணித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். இடது காது கேளாது. கொட்வின் தமிழ்க் கடைக்குள் வந்தால், எடுத்த கத்தரிக்காயைக் கூடையோடு வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். கலியாண வீடுகளில் இந்த இரண்டு பேரையும் எங்கே இருத்துவது என்று வீட்டுக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நானும் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளில் இருவரும் கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக்கில் புலமைப்பரிசிலில் பொறியியல் படித்தவர்கள். நான்கு வருடம் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் மேற்கு பேர்லினுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவது என்று கதிர்காமநாதன் முடிவெடுத்திருந்தார். அதைக் கொட்வினைத் தவிர வேறு எவரிடமும் அவர் சொல்லவில்லை. 1986 வைகாசியில் அந்த நாட்டின் ரகசியப் பொலிஸான ஸ்டாசி அவரைக் கூப்பிட்டது. எந்த மாதம் போகப்போகிறார், போனபின் யாரைக் கூப்பிடப்போகிறார் என்பதையெல்லாம் அதிகாரி அவருக்கே ஒப்புவித்தான். நான்காம் நாள் கொழும்பு விமானத்தில் ஏற்றினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இராணுவம் பிடித்தது. இருபது மாதம் முகாம். காது போனது அங்கேதான்.

வெளியே வந்து, மல்லிகாவைக் கலியாணம் செய்து, 1990இல் அகதியாக டோர்ட்மண்ட் வந்தார். பேர்லின் மதில் அதற்குள் விழுந்திருந்தது. கொட்வினும் இங்கே வந்து சேர்ந்திருந்தார். ஓடிவந்து கட்டிப்பிடிக்கப் போனவரைக் கதிர்காமநாதன் தள்ளிவிட்டார். காரணம் சொல்லவில்லை.

ஸ்டாசி எழுதி வைத்த கோப்பைச் சம்பந்தப்பட்டவரே விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று சட்டம் வந்து எவ்வளவோ காலம். தெரிந்ததை எதற்குப் போய்க் கேட்பான் என்பது அவருடைய கட்சி. கொட்வினுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட பிறகுதான் விண்ணப்பித்தார். ஒரு வருடத்துக்கு மேல் சென்று, போன ஐப்பசியில் பேர்லினுக்கு வரச் சொன்னார்கள். மல்லிகா அக்காவும் கூடப் போனார்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம். காட்டிக்கொடுத்தவர் என்று அதில் ஒருவரும் இல்லை. ஒரு தமிழ்க் கடிதத்தின் படம் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களைப் பிரித்து, படம் எடுத்து, மறுபடி ஒட்டி அனுப்புவது ஸ்டாசியின் அன்றாட வேலை. எழுதியவரின் பெயரைக் கறுப்பாக மூடியிருந்தார்கள். நான்கு வருடம் ஒரே மேசையில் பார்த்த கையெழுத்தை யார் மூடுவது?

எங்கள் ஆட்கள் பெண் கொடுக்க முதல், மாப்பிள்ளையோடு இருக்கிறவருக்கு எழுதி விசாரிப்பார்கள். மல்லிகாவின் தகப்பனும் கொட்வினுக்கு எழுதியிருக்கிறார். வந்த கடிதத்துக்குக் கொட்வின் மனம் நிறைந்து பதில் போட்டிருக்கிறார். பொடியன் தங்கம், குடி கிடி ஒன்றும் இல்லை, வருகிற ஆடியில் மேற்கு பேர்லினுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுவார், பிள்ளையையும் கூப்பிடுவார், யோசிக்காமல் செய்யுங்கோ.

மல்லிகா அக்கா அதை இரண்டு முறை வாசித்தாராம். மாப்பிள்ளை முகாமில் கிடந்தபோதும் அக்காவின் தகப்பன் சொல் மாறாமல் இருந்தது அந்தக் கடிதத்தை நம்பித்தான்.

"இதாலைதானே நான் உங்களுக்குக் கிடைச்சனான்," என்றார் அக்கா. "அந்தாளிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

மறுநாள் கதிர்காமநாதன் அண்ணையைக் கொட்வின் வீட்டுக்குக் காரில் கொண்டுபோனது நான்தான். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. கொட்வின் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். இவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் கொட்வின்தான் கேட்டார்.

"பேர்லினுக்குப் போய் பைல் பாத்தனியாம். நான் ஏதும் பிழை செய்திட்டனே, மச்சான்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தன், பிடிபடேல்லை."

"நீ ஒண்டும் செய்யேல்லை. ஆரோ லைப்சிக்காரன் எழுதிக் குடுத்திருக்கிறான். பிழை என்ரை," என்றார் கதிர்காமநாதன்.

கொட்வின் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அப்ப முப்பத்துமூண்டு வருசமும் சும்மாதானே போயிட்டுது," என்றார்.

"ஓம்," என்றார் கதிர்காமநாதன்.