இழுப்பு நின்றதும் எழுந்து போய்விட்டேன்

நான் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். எனக்கு நேர்ந்தது வேறொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி செல்லம்மாவுக்குக் காக்காய் வலிப்பு உண்டு. போன வருஷம் ஒரு நாள் காலையில் என்னோடு பால் வெட்டும்போது ரப்பர் மரத்தடியிலேயே வந்துவிட்டது. வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். வேறு இரும்பு அகப்படாததால், அவளுடைய காலி வாளியின் பிடியைக் கையில் திணித்தேன். சற்று நேரத்தில் இழுப்பு நின்றது. எழுந்து உட்கார்ந்து என்னிடம் ஏதோ கேட்டாள்.

"அண்ணே, பால் உறைஞ்சிடும், வாங்க!" என்று பக்கத்து மர வரிசையில் பால் வெட்டுகிறவன் கூப்பிட்டான். இரும்பு வேலை செய்துவிட்டது என்று நம்பிப் பாலைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவளைக் காணவில்லை. ஓடையில் குப்புறக் கிடந்தாள்; உயிர் இல்லை. வாளிப் பிடி கையிலேயே இருந்தது. வாளியைக் கழுவப் போனாள் போலும்.

"இழுப்பு நின்னாலும் மூளை தெளியாதுப்பா," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். "அங்க ரத்த ஓட்டம் சீராக நேரமாகும். அதுவரைக்கும் நடப்பாங்க, எங்க போறோம்னு தெரியாது."

இப்போதெல்லாம் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கு வலிப்பு வந்தாலும் நான் இரும்பைத் தேடுவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவர்கள் தங்கள் வீட்டாரை அடையாளம் கண்டு பேர் சொல்லும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.

அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது, "நீங்க யாரு?" என்றுதான். விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டுப் போனேன்.