இனாயத்துல்லா பாய் கழுவிய கண்ணாடிகள்

சொக்கம்மாள் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் இனாயத்துல்லா பாய் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். கழுத்தைச் சாய்த்துப் படத்தின் கீழ் ஓரத்தையே பார்க்கிறார். "இன்னா பாய், எதனா வேண்டுதலா?" என்று அந்த அம்மாள் கேட்கிறாள். "கண்ணாடி பழசாயிடிச்சும்மா. புதுசு போட்டுத் தரேன், துட்டு வாணாம்" என்கிறார். உத்திரமேரூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, படங்களுக்கு பிரேமும் போட்டுத் தருகிறவர். கீரைக்கட்டுக்குக்கூடப் பேரம் பேசும் மனிதர் வீடு வீடாக இலவசம் கொடுப்பதைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கிறது.

எனக்குக் காரணம் தெரியும். அவர் ஸ்டுடியோவுக்கு அடுத்த உரக்கடை என்னுடையது. அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

அவருடைய அப்பா பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் படம் பிடித்தவர். பட்டமளிப்பு விழா, கட்டடத்துக்குக் கல் நாட்டியது, ஆசிரியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது, எல்லாம் அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள்; பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டிலேயே படம் பதிந்திருக்கும். அப்பா போனபிறகு அவை இரும்புப் பெட்டிகளில் வந்து பரணில் கிடந்தன. ஒரு கல்யாண சீசனில் பிரேம் போடக் கண்ணாடி கிடைக்கவில்லை. பாய் அவற்றை எடுத்துச் சலவைச் சோடாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தார். படம் உரிந்து, கண்ணாடி பளிச்சென்று வந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பிரேம் போடுகிறவர்கள் பலர் செய்கிற காரியம்தான். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

போன மாதம் வேதாசலம் என்ற பேராசிரியர் வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணங்களையும் படங்களையும் ஓர் அறையில் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். அங்கிருந்த படங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தின் முதுகில் பாயின் அப்பாவின் முத்திரையைப் பார்த்து, விசாரித்து இங்கே தேடி வந்திருக்கிறார். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "அல்லாம் பத்திரமா கீது சார்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லி அவர் கிளம்பியபின் பரண் ஏறிப் பார்த்தால் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம்.

அன்று முதல் மனிதருக்கு நாஷ்டா இறங்கவில்லை. புதுக் கண்ணாடி போடும் சாக்கில், ஊரில் தான் போட்ட பிரேம்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். தேய்க்கும்போது அவர் விரலால் பிடித்திருந்த ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் படம் தங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாக பூட்ஸ் கால்கள். "மூஞ்சியே இல்லியே! இவுரு தொரையா பியூனா, இன்னான்னு சொல்றது?" என்று என்னிடம் கேட்கிறார். நானும் ஒரு கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.

"கரையான் துன்னுட்ச்சின்னு சொல்லிடேன். அங்க வந்த கரையான் இங்க வராதா?" என்கிறாள் அவர் மனைவி ஷாஜாதி. நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். "எங்கப்பா பேருல நான் மண்ணள்ளிப் போட்டுக்கினு, கரையான் மேல பழி போடச் சொல்றியா?" என்று என் மேல் பாய்ந்தார். மறுநாளே, "கரையான்னா நம்புவாரா?" என்று அவரே கேட்டார்.

இன்று பகல் பஸ்ஸில் வேதாசலம் வந்து இறங்கிவிட்டார். பாய் மேஜையில் துணி விரித்து, மிச்சப் பெட்டியையும் பூட்ஸ் கால் கண்ணாடிகளையும் வைத்தார். பேராசிரியர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் எங்கே?"

ஷாஜாதி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நான்.

"கழுவிட்டாங்க சார்" என்றார் பாய்.

"யாரு?"

பிரம்படிக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, நரைத்த தாடியோடு பாய் வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.