கதவு சாத்திய சத்தம்

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்தால் குரல் கொடு, போனால் சொல்லிவிட்டுப் போ. கண் தெரிந்தவர்களுக்கு இது வெறும் மரியாதை. எங்களுக்கு அப்படியில்லை. நேரில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் காலி நாற்காலியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். நானே பேசியிருக்கிறேன். அதைவிட மோசம், ஒருவர் சொல்லாமல் வந்து நிற்பது.

கூட்டம் என்றால் மண்டபம், மேடை எல்லாம் கிடையாது. போனில்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்துகொள்வோம். நான் ஒரு ஹோட்டலில் போன் எடுத்துப் பேசுகிறவள், அதனால் கூட்டத்தை நடத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது. பேங்கில் துணைக்கு ஆள் கூட்டி வா என்று விரட்டியது, போன் திரையைப் படிக்கும் குரலை எவ்வளவு வேகமாக ஓட விடலாம், பெண் பார்க்க வந்தவன் அம்மா காதோடு காதாக என்ன சொன்னாள், எல்லாம் பேசுவோம். எங்களில் ஒரு வக்கீல் உண்டு. ரயிலில் பேனா விற்கும் ஒருவர் உண்டு, அவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

அப்புறம் டைப்பிஸ்ட். இது அவள் கதை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியில் முணுமுணுப்பார்கள். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. காதில் ஹெட்போன், காலுக்கடியில் மிதிகட்டை. மிதித்தால் டாக்டர் பேசுவார், விட்டால் வாயை மூடுவார். "இந்த வசதி வீட்ல இல்லையேக்கா" என்பாள். வெடுக்கென்று பேசுவாள், அதே வேகத்தில் சிரிப்பாள்.

அவள் கட்டிக்கொண்டவனுக்குக் கண் தெரியும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குளிரூட்டும் பெட்டியைச் சரிபார்க்க வந்தவன், அவள் அறைக்குள் கால் வைக்கும்போதே, "மேடம், மெக்கானிக் உள்ள வரேன்" என்றானாம். முடித்ததும், "மெக்கானிக் கிளம்புறேன்" என்றானாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே! அவள் அன்றைக்கே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். பெட்டி அதற்கப்புறம் பலமுறை ரிப்பேர் ஆனது. யார் ரிப்பேர் ஆக்கியது என்று நாங்கள் கேட்கவில்லை.

அவனுக்கு ஒரு அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவளுக்கு ஒரே மகன், வளர்ந்து வேலைக்கு என்று வெளியூர் போய்விட்டான். நல்லவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கை நிறைய வாங்கிக்கொண்டுதான் வருவாள். ஆனால் டைப்பிஸ்ட் காதுபடவே அவளைப் "பாவம்" என்பாள். பாவம், தானே சமைக்கிறா. பாவம், பிள்ளைய வேற பெத்துக்கிட்டா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டைப்பிஸ்டின் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. தவழ ஆரம்பித்தபோதே கூட்டத்தில் அவனைப் பற்றி ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். சாக்ஸில் குட்டி மணி தைத்துவிடச் சொன்னவர் ரேடியோ. அவர் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று கிண்டலடித்தோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மணி எங்கே கேட்கிறதோ அங்கே பையன். பாத்திரத்தை உருட்டுகிறானா, செருப்பை வாயில் வைக்கிறானா, மணியை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவனுக்குச் சளி பிடித்திருந்த ஒரு நாள். அக்காக்காரி உதவிக்கென்று வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டு, "சரி, நான் கிளம்புறேன்" என்றாள். கதவு திறந்தது, சாத்தியது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை. வழக்கமாக டைப்பிஸ்ட் தாழ்ப்பாளைக் கையால் தடவிப் போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அன்றைக்குப் பாலைப் பார்க்க ஓடினாள்.

திரும்பி வந்தால் மணிச் சத்தம் இல்லை. தூங்கிவிட்டானோ என்று தொட்டிலைத் தடவினாள். சாக்ஸ் இரண்டும் அங்கே கிடந்தன. கால்களைத்தான் காணோம்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் எங்களிடம் சொன்னபோது வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. கட்டிலுக்கடியில் தேடினாள். குளியலறைக்குப் போய் வாளிக்குள் கையை விட்டாள். மேஜை முனையில் நெற்றி இடித்து ரத்தம் வந்தது. வாசல் பக்கம் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வெளியே மாடிப்படி. செங்குத்தான படி.

"இந்தா, படியில உக்காந்திருந்தான்" என்று அக்காக்காரியின் குரல். பையன் அவள் இடுப்பில். மறந்துபோன குடையை எடுக்க வந்தாளாம். வந்தால் கதவு திறந்து கிடந்ததாம். உள்ளே இவள் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாளாம். எதைத் தேடுகிறாள் என்று முதலில் புரியவில்லையாம். தம்பி நம்பவேண்டுமே என்று போனில் வீடியோ படம் எடுத்துவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்த்தால் படியில் பிள்ளையாம்.

தம்பி அந்தப் படத்தைப் பார்த்தான். பெண்டாட்டி வாளிக்குள் துழாவுவதையும் மேஜை முனையில் நெற்றியை இடித்துக்கொள்வதையும் பார்த்த மனுஷன் வேறு என்ன செய்வான்? "ஞாயித்துக்கிழமை அக்கா வந்து கூட்டிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம் சேக்குற வரைக்கும்" என்றான். டைப்பிஸ்ட் எதிர்த்துப் பேசவில்லை. தாழ்ப்பாள் போடாதது தான்தானே என்று அவள் நினைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு என்ற நிலையில்தான் எங்கள் கூட்டம் கூடியது.

"பையில துணி எல்லாம் வச்சாச்சு" என்றாள். அது அவள் குரலே இல்லை.

வக்கீல் எகிறினார். "கண்ணு தெரியலைங்கிறதுக்காகத் தாய்கிட்டயிருந்து புள்ளையப் பிரிக்க எந்தச் சட்டமும் இல்லம்மா. நான் வரேன். நாளைக்கே வரேன்."

"யாரும் பிரிக்கல சார். நானே குடுக்குறேன். தாழ்ப்பாள் போடாதது நானு."

"கண்ணு தெரிஞ்சவங்க யாரும் தாழ்ப்பாள் போட மறந்ததே இல்லையாக்கும்?" என்றேன். கோபத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"அவங்க மறந்தா மறதி. நான் மறந்தா குருடுக்கா."

ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை.

வக்கீல்தான் மெதுவாக ஆரம்பித்தார். "ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. வாளிக்குள்ள கைய விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்க. எதைத் தேடுறேன்னு அவங்களுக்குப் புரியலையாமா? நின்னு படம் புடிச்சாங்களாமா? அந்தப் படம் உன்கிட்ட இருக்கா?"

இருந்தது. மெக்கானிக் அனுப்பியிருந்தான். அவள் திறக்கவே இல்லை. நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்டு எழுதுகிறவளுக்குத் தன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை.

"போடு. நாங்க கூட இருக்கோம்" என்றேன்.

போட்டாள். "கண்ணா... கண்ணா, எங்கடா இருக்க..." தூரத்தில் அவள் குரல். கட்டில் இழுபடும் சத்தம், வாளித் தண்ணீர் தளும்பும் சத்தம். ரேடியோ மூக்கை உறிஞ்சினார். மேஜையில் இடித்த சத்தம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. "நம்ம கூட்டத்துல யாராவது எதையாவது மென்னுட்டு இருக்கீங்களா?"

இல்லை என்றார்கள்.

"அப்ப படத்துலதான். ரொம்பக் கிட்டத்துல ஏதோ மொறுமொறுன்னு கேக்குது. உன் குரல் தள்ளி இருக்கு. அது போனை ஒட்டி இருக்கு. அந்த அம்மா பிஸ்கட் தின்னுக்கிட்டேவா படம் புடிச்சாங்க?"

டைப்பிஸ்ட் ஆரம்பத்திலிருந்து மறுபடி போட்டாள். பாதியில் நிறுத்தினாள், பின்னால் தள்ளினாள், திரும்பப் போட்டாள். மிதிகட்டையை மிதித்து மிதித்து டாக்டரின் முணுமுணுப்பைப் பிடிப்பதுபோல அதையே செய்துகொண்டிருந்தாள். நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டோம்.

மெல்லும் சத்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய விசில். வந்தது, நின்றது, வந்தது. சளி அடைத்த சின்ன மூக்கு.

"அக்கா" என்றாள். "இது என் புள்ள."

"எப்படிச் சொல்றே?" என்றேன்.

"அவன் மூக்குதான் அக்கா. ராத்திரி பூரா என் கழுத்துல ஊதிக்கிட்டே இருந்த மூக்கு. அவன் படியில இல்ல. முதல்லேர்ந்து அவங்க இடுப்புல இருந்திருக்கான். அவங்க போகவே இல்ல. கதவைத் திறந்து சாத்திட்டு உள்ளேயே, கதவு மூலையில நின்னிருக்காங்க. அப்புறம் நான் தேடுறப்ப சத்தமில்லாம அதைத் திறந்து வச்சிருக்காங்க."

சாக்ஸ் எப்படிக் கழன்றது என்று இனி யாரும் கேட்கவேண்டியதில்லை. எங்கள் ஒரே சட்டத்தை அந்த அம்மா நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். கிளம்புகிறேன் என்று சொன்னால் நாங்கள் நம்பிவிடுவோம் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். என் வாயில் அன்றைக்கு வந்ததை எல்லாம் எழுத முடியாது.

"அவரைக் கூப்பிடு" என்றார் வக்கீல்.

"யாரும் போயிடாதீங்க" என்றாள்.

நாங்கள் போகவில்லை. அடுத்த அறையிலிருந்து அவன் வரும் காலடி கேட்டது. அவள் சொன்னாள், அழாமல் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"என்ன பேசுற நீ? அக்கா என்னைத் தூக்கி வளத்தவங்க. நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவை பாத்துட்டேன்."

"பாத்தீங்க. கேக்கல." போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவைக்கும் சத்தம். "இப்ப கேளுங்க."

ஓடியது. முடிந்தது. "எனக்கு உன் குரல்தான் கேக்குது" என்றான்.

"என்னை விட்டுடுங்க. நான் கத்திட்டுப் போறேன். என் குரலுக்கு முன்னாடி கேளுங்க."

மறுபடி ஓடியது. இந்தத் தடவை கடைசி வரை விட்டாள். முடிவில், மேஜையில் இடித்து அவள் "அம்மா" என்று அலறிய இடத்தில், பிஸ்கட் நின்றது. போனுக்குப் பக்கத்தில் ஒரு பிஞ்சுக் குரல் "ம்மா" என்று ஆரம்பித்தது. அதன்மேல் "ஷ்ஷ்" என்று ஒரு மூச்சு. அதோடு படம் முடிந்தது.

அவன் எதுவும் பேசவில்லை. முகம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பதில் கிடைத்திருக்கும். எங்களுக்கும் கிடைக்கவில்லை, அவளுக்கும் கிடைக்கவில்லை. அவன் அக்கா பக்கம் சாய்கிறானா, இவள் பக்கம் வருகிறானா, அழுகிறானா, முறைக்கிறானா? ரேடியோ "தம்பி" என்று ஆரம்பித்தார். நான் அதட்டி அடக்கினேன்.

காலடி நகர்ந்தது. அறையின் மூலைக்குப் போனது. ஜிப் திறக்கும் சத்தம். அப்புறம் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கும் சத்தம். டைப்பிஸ்ட் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நாங்களும்தான். வக்கீல் மட்டும் தொண்டை கரகரப்பு என்று சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காக்காரி வந்தாள். தம்பி படத்தைப் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் மறுத்தாள், அப்புறம் மறுக்கவில்லை.

"நல்லதுக்குத்தாண்டா பண்ணேன். இன்னைக்கு நான் பண்ணேன், நாளைக்கு நிஜமாவே நடந்தா? உனக்குப் புரியணும்னுதான்."

"இவ வாளிக்குள்ள கைய விட்டாக்கா. அதையும் பாத்துட்டுத்தானே நின்னே?" என்றானாம் அவன். சொல்லும்போது அவன் குரல் உடைந்துபோனதாம்.

டைப்பிஸ்ட் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணி, இந்த வீட்டுக்கு நீங்க எப்ப வேணா வரலாம். வந்தா குரல் குடுங்க. போறேன்னு சொன்னா போயிடுங்க."

அந்த அம்மா போறேன் என்று சொல்லவில்லை. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. பையன் இப்போது ஓடுகிறான். பேச்சு வந்ததிலிருந்து அவன் எங்கள் கூட்டத்துக்குள்ளும் நுழைந்து "நான் வந்துட்டேன்" என்று கத்துகிறான். ரேடியோவுக்குப் போட்டி வந்துவிட்டது என்று சிரிக்கிறோம். பிள்ளை அவளிடமே இருக்கிறான். ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் போன மாதம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும் நேரம். "கிளம்புறேன்" என்றான். கதவு சாத்தியது. படியில் இறங்கி, தெருவுக்குப் போய், அங்கிருந்து "போயிட்டேன்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். தினமும் இப்படித்தானாம்.

டைப்பிஸ்டும் சிரித்துக்கொண்டே, "மானத்தை வாங்குறாருக்கா" என்றாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பேசிக்கொண்டே இருந்தவளின் உள்ளங்கை, கதவுக்குப் பின்னால் இருந்த மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சுவரைத் தடவி இறங்கும் சத்தம் கேட்டது.