கரடிக்குக் குரல் கொடுத்த செபமாலை அண்ணை

செபமாலை அண்ணையின் சாவுச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் வீடியோக்காரத் தம்பி யோகன். சனிக்கிழமைகளில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சாக்கால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருகிறவர், அன்று காலையிலேயே வெறும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "அக்கா, இண்டைக்குப் படம் இல்லை. எங்கடை ஆள் விடியப்புறம் போட்டார்" என்றார். சாமிக்கு ஆய்ந்த பூவோடு படலையைப் பிடித்தபடி நின்றேன். "எங்கடை ஆள்" என்றால் துணுக்காயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எவருக்கும் யாரென்று விளங்கும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி றோசலின் அக்கா கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அண்ணை முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர். இடம்பெயர்ந்து வரும் வழியில், பக்கத்தில் விழுந்து வெடித்த செல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. மனைவி றோசலின் அக்காவோடு எங்கள் வளவு ஓரத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார். நல்லாய்க் கதைக்கக் கூடிய மனிதர்தான். ஆனால் தன் குரலே தனக்குக் கேளாத ஒருவர் எத்தனை நாளைக்குக் கதைப்பார்? ஆட்கள் வந்தால் எழுந்து கொட்டிலுக்குப் பின்பக்கம் போய்விடுவார். வேலியைப் பார்த்தபடி இருப்பார். ஒருநாள் என்னோடு நெல் புடைத்துக்கொண்டிருந்த றோசலின் அக்கா சொன்னார்: "காது போனதுக்கு நான் அழேல்லைத் தங்கச்சி. வாயும் போகப்போகுதெண்டுதான் பயமாக் கிடக்கு."

அந்த வருசம் பிள்ளையார் கோயில் பொங்கலன்று பின்னேரம், கோயில் கொட்டிலில் பக்திப்படம் போடுவதாக ஏற்பாடு. வெளிச்சம் வராமல் சுற்றிவரச் சாக்குத் தொங்கவிட்டிருந்தோம். ஆண்கள் கதிரைகளில், பெண்கள் பாயில், பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால். யோகன் கசற்றைப் போட்டால், திரையில் ஒரு கரடி. அவருடைய அக்காவின் பிள்ளைகள் வீட்டில் வைத்துக் கசற்றுகளை உறை மாற்றிப் போட்டுவிட்டார்கள். மேலே சாமி படம், உள்ளே பிள்ளைகளின் காட்டூன்.

"சாமி படமெண்டு கூப்பிட்டுக் கரடியைக் காட்டுறியோ?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றியாகிவிட்டது. வீட்டுக் கணக்கைத் துளித் துளியாகப் பார்க்கிற எனக்கு அதை வீணாக்க மனம் வரவில்லை. பிள்ளைகளாவது பார்க்கட்டும், ஓடவிடுங்கோ என்றேன். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தார்கள்.

பொங்கலுக்கென்று றோசலின் அக்கா இழுத்து வந்திருந்த அண்ணை அப்போது வெளியே போக எழும்பிவிட்டார். படமென்றால் அவர் நிற்க மாட்டார். திரையில் கரடி வள்ளத்தில் நின்று வலை வீசுகிறது. பிடித்த மீனை ஒரு கொக்கு பின்னால் நின்று விழுங்குகிறது. போனவர் நின்றார். கொட்டில் அதிரும்படி ஒரு குரல் வந்தது: "டேய் மடையா, பின்னாலை திரும்பிப் பாரடா."

எல்லாரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கரடி கிழிந்த வலையைத் தூக்கிப் பிடித்துத் தோளைத் தொங்கப்போட்டது. "வெறுங்கையோடை போனா மனுசி குசினிக்குள்ளை விடமாட்டாள் எண்டு யோசிக்குது" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். முதலில் சிரித்தவர்கள் பிள்ளைகள் அல்ல, கதிரையில் இருந்த ஆண்கள். றோசலின் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணும் நிறைந்திருந்தது.

ஒரு சொல்லும் கேளாமல் எப்படி விளங்குகிறது என்று பிறகு கைப்பாசையில் கேட்டேன். "கடலிலை மற்ற வள்ளத்துக்காரன் கத்தினாலும் காத்துக் கொண்டுபோயிடும் தங்கச்சி. அவன்ரை கையைப் பாத்து, தோளைப் பாத்துத்தான் கதையை எடுக்கிறது. இந்தக் கரடியும் அப்பிடித்தான் கதைக்குது. மற்றப் படங்களிலை எல்லாரும் சும்மா நிண்டு வாயை ஆட்டுறாங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்களில் காட்டூன் என்று ஆகிவிட்டது. பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவருகிற சாட்டில் வந்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர், அயல்வீட்டுக் குழந்தையைக் கேட்டு வாங்கித் தூக்கிவருவார். குழந்தை மடியில் நித்திரையாகிவிடும். அவர் கடைசிவரை இருப்பார். அண்ணையிடம் குறையும் இருந்தது. நடக்கப்போவதை முந்திச் சொல்லிப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்குவார். கோயில் கொட்டில் என்பதை மறந்து அந்தக் கொக்குக்கு அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் கரடிக்கு எரிப்பதா என்று கூட்டம் கூட்டினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அண்ணையைப் பார்த்து, "நரைச்ச தலையோடை குஞ்சு குருமானுகளுக்கு நடுவிலை குந்தியிருக்க வெக்கமில்லையோ?" என்றும் கேட்டுவிட்டார். சனிக்கிழமை நின்றால் அவர் மறுபடி வேலியைப் பார்த்துக்கொண்டு வாய் மூடிப் போவார் என்று எனக்குத் தெரியும்.

றோசலின் அக்கா, ஒன்றையும் மறைக்காமல், கேள்வியைக் கையால் அவருக்குச் சொன்னார். அண்ணைக்குக் கோபம் வரவில்லை. "ஐயா, கரடி தண்ணிக்குள்ளை விழுகுதெண்டு பிள்ளையள் சிரிக்குதுகள். விழுந்தது திரும்ப எழும்பி வள்ளத்தைத் தள்ளுதெண்டு நாங்கள் சிரிக்கிறம். படம் ஒண்டுதான்" என்றார்.

அங்கே இருந்தவர்களில் ஒருமுறையாவது வீடு வளவை விட்டுவிட்டு வராதவர் யார்? நானும் எழும்பி, "யானை முகத்தோடை எலியிலை ஏறிவாற பிள்ளையாரை நரைச்ச தலையோடைதானே ஐயா நாங்கள் கும்பிடுறம்" என்றேன். தலைவர் மறிக்கவில்லை. பிள்ளைகளின் இடத்தைப் பெரியவர்கள் பிடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பேரனோடு வந்தார். அதற்கடுத்த கிழமை பேரன் வரவில்லை, அவர் வந்தார்.

செத்தவீட்டில் றோசலின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதல்நாள் பின்னேரம் கஞ்சிக்கு உப்பில்லை என்று அண்ணை தன்னை ஏசியதையும், ஏசிய கையோடு வீதியால் போனவனைக் கூப்பிட்டு வைத்துக் கதைத்ததையும் சொன்னார். "கடைசி மட்டும் அவரின்ரை வாய் ஓயேல்லைத் தங்கச்சி" என்றார். அழுகைக்கு நடுவில் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

போன சனிக்கிழமை யோகன் மறுபடி பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கரடி தண்ணீருக்குள் விழுந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டு, பின்னால் இருந்த பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கரடிக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை. நான் பாயிலிருந்து எழும்பி முன்னுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்தேன். "தெப்பலா நனைஞ்சு போனன், ஆனா வள்ளம் என்னட்டைத்தான் இருக்கு எண்டு சொல்லுது" என்றேன். அண்ணை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். என்றாலும் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் இருந்த அந்த இடத்தைத்தான். இனி எந்தச் சாட்டும் சொல்லாமல் அங்கேயே இருப்பேன்.