ஏழு எண்ணுவதற்குள் ஒரு டம்ளர்

ராணிப்பேட்டையிலிருந்து தோல் ஏற்றி வந்த லாரி டிரைவர்தான் நான் இப்போது வேலை செய்யும் ஆம்பூர்த் தொழிற்சாலை வாசலில் வைத்து அந்தச் செய்தியைச் சொன்னார். சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டே, "பாஷா மேஸ்திரி போய்ட்டாரு சார், முந்தாநேத்து. நெஞ்சு வலி" என்றார். அடக்கம்கூட முடிந்துவிட்டிருந்தது. அந்தச் சலானை எங்கே வைத்தேன் என்று பிறகு அரை மணி நேரம் தேடினேன்.

அன்வர் பாஷாவோடு ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் டிரம் பகுதி மேஸ்திரி. நான் அப்போது அங்கே ஸ்டோர் கீப்பர். சுழலும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே தோல் புரளும் சத்தத்தை வைத்தே தண்ணீர் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் ஆறு மீன் தொட்டிகள் இருந்தது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். ஆலையில் காட்டிய அதே கவனத்தை மனிதர் வீட்டில் மீனுக்கும் காட்டினார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் முதல் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அதன்பின் என் மனைவி வசந்தா பூச்செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றுவிட்டாள். தான் தொட்டது எதுவும் தங்காது என்று ஒரே பேச்சு. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, அவள் அம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கேட்காமல், பாஷா ஒரு கண்ணாடித் தொட்டியை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆறு தங்கமீன்கள் தனியாக ஒரு தூக்குப் பாத்திரத்தில் இருந்தன.

மூன்று குடம் தண்ணீர் கொள்ளும் தொட்டி. அடியில் அவரே ஊசியைக் காய்ச்சித் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் பாலாற்றில் சலித்தெடுத்த சரளை, மூலையில் ஒரு குழாய். சின்ன மோட்டார் குழாய்க்குள் காற்றை ஊதும். குமிழோடு தண்ணீர் மேலேறி வழிய, மேலே இருக்கும் தண்ணீர் சரளைக்குள் இறங்கும். மீனின் கழிவைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சரளையில் குடியிருக்கின்றன, ஓட்டம் குறைந்தால் அவற்றுக்கு மூச்சு முட்டும், கூடினால் மீன் களைத்துப்போகும் என்று வசந்தாவுக்கு விளக்கினார். குழாய் வழியும் இடத்தில் டம்ளரைப் பிடித்தார். ஏழு எண்ணுவதற்குள் நிரம்பியது. காற்றுக் குழாயில் இருந்த கிளிப்பை அந்த அளவில் நிறுத்தினார். "தண்ணி ஓடுறது நம்ம கண்ணுக்குத் தெரிய வேணாம், சரளைக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. குளத்து மீன் அமைதியாகத்தானே இருக்கிறது, இங்கே எதற்கு இத்தனை கொந்தளிப்பு என்று தோன்றியது. எதையும் கொஞ்சமாகக் கொடுத்தே பழகிய ஸ்டோர் கீப்பர் புத்தி. மறுநாள் காலை, வசந்தா குளிக்கப் போயிருந்தபோது, கிளிப்பை இறுக்கினேன். பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம். கடைசியில் குழாயில் ஒன்றிரண்டு குமிழ்தான் வந்தது. மீன்கள் நிம்மதியாக இருப்பதாக எனக்கு ஒரு திருப்தி.

மூன்றாவது வாரம் மீன்கள் சாகத் தொடங்கின. நான்கு போயின. வசந்தா அழவில்லை. "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் திருவண்ணாமலையிலிருந்து வந்த அவள் தங்கை, உள்ளே நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டில் என்ன அழுகிக் கிடக்கிறது என்று கேட்டாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சரளையிலிருந்து வந்தது, ஆலையில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் அதே நாற்றம். ஆலையை ஒட்டி, நாளெல்லாம் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்த எங்கள் தெருவில் அதை யார் தனியாகக் கண்டுபிடிப்பது?

சொல்லியனுப்பியதும் பாஷா வந்தார். சரளைக்குள் கையை விட்டார். கறுப்புச் சேறு வந்தது. பிறகு கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கிளிப்பைத் தளர்த்திவிட்டு வசந்தாவின் பக்கம் திரும்பினார்.

"இதோ பாரு தங்கச்சி, இது என் தப்பு. நான் வச்ச அளவு தப்பாப் போச்சு. உன் கை இன்னா பண்ணும்? நீ ஒண்ணும் பண்ணல."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு சரளை முழுவதையும் வாளி வாளியாக அலசினார். பிறகு டம்ளரை வசந்தாவிடம் கொடுத்து, இனி அளவு வைப்பது அவள் வேலை என்றார். அவள் தயங்கித் தயங்கித்தான் வாங்கினாள். மிஞ்சிய இரண்டு மீன்களும் நான்கு வருடம் இருந்தன. அவை இருக்கும்போதே எங்கள் மகள் பிறந்தாள்.

பாஷா அதைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. கேன்டீனில் எத்தனையோ முறை எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அளவு தெரிந்த மனிதர் என்று பெயரெடுத்தவர், அந்த அளவையே தப்பென்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக இருந்தார். என்னால் அது முடிந்திருக்காது.

செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து, கிளிப்பை இறுக்கியது நான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அவரு அதைத் தளர்த்துனத நான் பாத்தேன்ல? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். அவரு சொல்லிட்டாரு. காரணம் நான் இல்லன்னு ஒருத்தராவது சொன்னாரே, அது போதும்னு இருந்துட்டேன்."

அன்வர் பாஷாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'என் தப்பு' என்ற இரண்டு சொற்களைத்தான். அவர் தன்னுடையதல்லாத தப்புக்குச் சொன்னதை, என்னுடைய தப்புக்கு நான் சொல்ல, அவர் சாக வேண்டியிருந்தது.