ஓடாத ஆல்பத்தின் ஆறாவது பாட்டு

மெல்லிசைக் குழு அறிவிப்பாளருக்குப் பாடத் தெரிய வேண்டாம், புளுகத் தெரிந்தால் போதும். முப்பது வருஷம் மைக் பிடித்தவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. தாஸ் போட்ட கண்டிஷன்

எங்கள் குழுவில் பாடும் கலாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு பாட்டு உண்டு. பெரிய இசையமைப்பாளர் ஒருவர், பெயர் வேண்டாம், தம் ஆல்பம் ஒன்றில் ஆறாவது பாட்டை அவளுக்குக் கொடுத்தார். ஆல்பம் படுத்துவிட்டது. அதோடு கலாவை யாரும் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடவில்லை. அவருடைய ரசிகர்களே அந்த ஆல்பத்தைக் கண்றாவி என்பார்கள். ஆறாவது பாட்டு வரை கேட்டவர் அவர்களில் எத்தனை பேரோ, தெரியாது.

அதை மேடையில் பாடவேண்டும் என்று கலா வருஷக்கணக்கில் கெஞ்சினாள். பெசன்ட் நகர் குடியிருப்பு விழாவன்றுதான் குழுத் தலைவர் தாஸ் இறங்கி வந்தார்.

“ஒரு தபா பாடிக்கோ. கூட்டம் கைதட்டலன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, இன்னா?”

2. என் கைங்கரியம்

உண்மையைச் சொன்னால் முதல் வரிசையே பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும். அதனால் இசையமைப்பாளர் பெயரை மட்டும் உண்மையாகச் சொன்னேன். “இப்போ ஃபோனைத் திறந்தாலே இந்தப் பாட்டுதான். கோடிப் பேர் கேட்டாச்சு. நீங்க கேக்கலைன்னா வெளியில சொல்லிடாதீங்க” என்று ஒரு போடு போட்டேன். கலா வாயைத் திறக்குமுன்பே விசில் பறந்தது. முடிந்ததும் ஒன்ஸ்மோர்.

நிகழ்ச்சி முடிந்து மேற்கு மாம்பலம் ரகு மேடைக்கு வந்தார். அந்த இசையமைப்பாளரின் ஆல்பங்களுக்கெல்லாம் மார்க் போட்டு வைத்திருக்கும் தீவிர ரசிகர்.

“மூணு நாளா இதைத்தான் சார் லூப்ல கேக்கறேன். தலைவரோட பெஸ்ட்டே இதான்” என்று அளந்தார். பிறகு கலாவிடம் திரும்பினார். “நீங்களும் நல்லாத்தான் பாடினீங்கம்மா. ஆனா ஒரிஜினல்ல பாடின பொண்ணு குரல்ல ஒரு ஃபீல் இருக்கே, அது வரலை.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலா சிரிக்கவில்லை. “அவங்க பெரிய பாடகி சார்” என்றாள்.

வேனில் ஏறியும் அவள் முகம் தெளியவில்லை. “கைதட்டல் வாங்கித் தந்தேனேம்மா, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?” என்றேன்.

“அது கோடிப் பேருக்குத் தட்டினது அண்ணே. என் பேரைச் சொல்லியிருந்தா நாலு பேராவது எனக்குத் தட்டியிருப்பாங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

3. தி.நகர் ரிசப்ஷன்

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளதை உள்ளபடி அறிவித்தேன். “இந்த ஆல்பம் ஓடலை. இந்தப் பாட்டைப் பாடினவங்க கலா. அதே கலாதான் இப்போ பாடப்போறாங்க.”

‘ஓடலை’ என்றதுமே நாற்காலிகள் நகர்ந்தன. பாதிக் கூட்டம் பந்திக்குக் கிளம்பிவிட்டது. “நல்லா வெச்ச ஆப்பு, நைனா” என்று தாஸ் பல்லைக் கடித்தார். கலா மிச்சமிருந்தவர்களைப் பார்த்தே முழுப் பாட்டையும் பாடினாள். முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கையைத் தூக்கி, “கலா, இன்னொரு தடவை பாடும்மா” என்றார். கலாவுக்குக் கண் கலங்கி, இரண்டாம் தடவை பல்லவியிலேயே சுருதி நழுவியது. தாஸே பல்லவியை மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

மைக் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று. பாட்டு ஓடியதா, படுத்ததா என்பதை ஜனம் தானே விசாரித்துக்கொள்ளும். பாடியது யார் என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.