புன்னையாவின் நூற்றறுபது

குண்டூர் மிளகாய் மண்டித் தரகர் பசவபுன்னையாவுக்கு ஊருக்குள் தனி மரியாதை இருந்தது. அது காய்ச்சலால் வந்த மரியாதை. வருஷா வருஷம் கோடையில் மேல் சுடும். சாம்பையா டாக்டர் ரத்தம் எடுப்பார். டைபாய்டு டெஸ்டில் நூற்றறுபது என்று வரும். சாம்பையா எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்தவரில்லை, ஒரு டாக்டருக்குப் பை தூக்கியவர், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணைக் கண்டதும் சலைன் பாட்டிலை மாட்ட மனிதர் ஒரு கணம் யோசித்ததில்லை.

பாட்டில் ஏறிவிட்டால் புன்னையா ராஜா. வாசல் கட்டிலில் காலை நீட்டிப் படுப்பார். மண்டி ஆட்கள் ரொட்டியும் ஆப்பிளுமாக வந்து நிற்பார்கள்.

"எவ்வளவு பாவா?" என்பான் மைத்துனன் கோட்டையா.

"நூத்தியறுபது."

"எனக்கு எண்பதுதான் வந்துச்சு."

"அதெல்லாம் ஒரு டைபாய்டா? போய் வேலையப் பாரு."

இந்த வருஷம் அவர் படுத்த அன்றே மனைவி ஆதெம்மாவும் மேல் சுடுகிறது என்றாள். வந்தது வந்தாச்சு என்று சாம்பையா அவளுக்கும் ரத்தம் எடுத்தார். ஒன்றும் வரவில்லை.

"அம்மாவுக்கு வெறும் அலுப்புதான்" என்றார் சாம்பையா. புன்னையாவுக்கு நிம்மதி. அவளும் படுத்துவிட்டால் கஞ்சி யார் வைப்பது?

கஞ்சி மட்டுமா? அது ஆவக்காய் ஊறுகாய் போடுகிற வாரம். ஆதெம்மா மாங்காய் வெட்டினாள், கடுகு இடித்தாள், மிளகாய்த்தூளும் எண்ணெயும் போட்டுப் பிசைந்தாள். பிசைந்த தாம்பாளத்தில் சுடுசோறும் நெய்யும் போட்டு வழித்து, ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். நோயாளிக்குக் கிடையாது. புன்னையா கட்டிலிலிருந்து மூக்கால் சாப்பிட்டார். ஆதெம்மாவும் ஒரு வாய் வைக்காமல் எழுந்துபோனாள்.

"எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாமாம். என்ன பக்தி பார்த்தியா" என்று கோட்டையாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவள் கிணற்றடியில் விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா அவள் ரத்தத்தில் கிருமியையே வளர்த்துப் பார்த்து, டைபாய்டு என்றார்.

"டெஸ்ட்ல ஒண்ணும் வரலையேம்மா" என்றார் புன்னையா.

"கிருமி வந்தா அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும். அந்த டெஸ்ட் அதைத்தான் அளக்குது. அது ஏற ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள அவசரப்பட்டுப் பார்த்துட்டாங்க. இப்ப பாருங்க, எங்கேயோ போயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்."

"அப்ப எனக்கு? வருஷா வருஷம் நூத்தியறுபதும்மா."

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லையே. எப்பவோ வந்துபோனதோட மிச்சமா இருக்கும். இந்த வருஷம் உங்களுக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல்."

பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு விட்ட மாதிரி நின்றார் புன்னையா. சளியாம். கோட்டையா காதில் விழாமல் இருக்கவேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகவும் இருந்தது.

"சரி, அம்மாவுக்குக் காய்ச்சல் எந்த நாள்ல ஆரம்பிச்சுது?" என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

புன்னையா வாயைத் திறந்தார். தனக்கு எந்த வருஷம், எந்தக் கிழமை, எத்தனை டிகிரி என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவளுடையது வரவே இல்லை.

"அவரைக் கேக்காதீங்கம்மா" என்றாள் ஆதெம்மா, கண்ணைத் திறக்காமல். "அவருக்கு மொதக் கஞ்சி வச்ச அன்னிக்கே எனக்குக் கொதிச்சுது. டெஸ்ட் பார்த்தப்புறமும் சொன்னேன். உனக்குத்தான் நூத்தியறுபது இல்லையே, போய்க் கஞ்சியில உப்புப் போட்டு எடுத்துட்டு வான்னார்."